நம்ம கடலோரப் பள்ளிக்கூடத்துக்கு எது சரிப்படும்: ஒயிலாட்டமா, ஓவியமா, ஓலையா, நாடகமா?

நம்ம ஊரு நடுநிலைப் பள்ளிக்கு விசைப்படகு சங்கத்துக்காரங்க கொஞ்சம் பணம் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு கலை சொல்லிக்குடுங்க, அதோட படிப்பும் ஏறணும். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல இதை எடுத்ததும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஒரு அண்ணன் ஒயிலாட்டம்னாரு, ஒரு டீச்சர் ஓவியம்னாங்க, பனை ஓலை முடையிற அம்மாமார் ரெண்டு பேரு நாங்களே வந்து பழக்கி விடுறோம்னாங்க, நான் நாடகம்னேன். அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணியாகணும். சாயங்காலம் இல்லம் தேடிக் கல்வி சென்டர்ல இதே பிள்ளைகளோட உக்கார்றவ நான், அதனால எனக்குத் தெரிஞ்சதை, படிச்சதை எல்லாம் சேத்து எழுதிடுறேன், பாம்பன், தேவிபட்டினம், ஏர்வாடி, சாயல்குடி பக்கமெல்லாம் இதே கேள்வியோட நிக்கிற பெற்றோருக்கும் உபயோகப்படும்.

எந்தக் கலைன்னு பேசுறதுக்கு முன்னாடி நம்ம பிள்ளைகளுக்கு எங்க இடிக்குதுன்னு பாக்கணும். எழுத்துக் கூட்டுறது இப்ப அவ்வளவு பெரிய பிரச்சினை இல்ல, 2022ல அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்புறம் சின்ன வகுப்புல பாட்டு, பொம்மை, அட்டைன்னு வச்சு சொல்லிக்குடுத்து ஓரளவு பிடிபட்டுருச்சு. சிக்கல் அஞ்சாவது ஆறாவதுலதான். ஒரு பாராவை கடகடன்னு வாசிச்சு முடிக்கிற பிள்ளைகிட்ட "இதுல என்னப்பா நடந்துச்சு"ன்னு கேட்டா திருதிருன்னு முழிக்குது, மறுபடி அதே பாராவை இன்னும் சத்தமா வாசிக்குது. அதே பிள்ளை நேத்து ராத்திரி காத்து எப்படி மாறுச்சு, எந்த வலையில என்ன மீன் பட்டுச்சு, எந்தப் படகு யாரு வலையை அறுத்துட்டுப் போச்சுன்னு கேட்டா முன்னப்பின்ன மாறாம கதையா சொல்லும். ஆக புத்திக்குக் குறை இல்ல, புத்தகத்துக்குள்ள இருக்குற விஷயம் அதுக்கு கண்ணு முன்னாடி வர மாட்டேங்குது.

இன்னொண்ணு, தொடர்ந்து வர முடியாத பிள்ளைக. அப்பா கடலுக்குப் போயிருப்பாரு, அம்மா விடியக்காலம் பாசி எடுக்கவோ கருவாடு காயப்போடவோ போயிருப்பாங்க, சின்னதைப் பாத்துக்க மூத்தது வீட்ல நின்னுரும். ஒரு வாரம் விட்டுட்டு வந்தா வகுப்புல என்ன ஓடுதுன்னே புரியாம பின்னாடி போய் உக்காந்துரும், அப்படியே பழகிரும்.

அதனால நான் ஒவ்வொரு யோசனையையும் இந்தக் கேள்விகளை வச்சுத்தான் பாக்குறேன்: வாசிச்சதைப் புரிஞ்சுக்க இது உதவுதா, வகுப்புல இருக்குற அத்தனை பேருக்கும் இடம் இருக்கா இல்ல நல்லா ஆடுற பத்துப் பேருக்கு மட்டுமா, ஒரு வாரம் வராத பிள்ளை திரும்ப வந்தா சேந்துக்க முடியுமா, பணம் தீந்து மாஸ்டர் வர்றது நின்னுட்டா அதுவும் நின்னுருமா.

ஒயிலாட்டத்தை முதல்ல எடுக்குறேன், கூட்டத்துல அதுக்குத்தான் ஆதரவு ஜாஸ்தி. நம்ம சீமையோட ஆட்டம், கையில துணி, கால்ல சலங்கை, வரிசையா நின்னு ஒரே அடவுல அம்பது கால் ஒண்ணா விழுகிறப்ப பாக்குறவங்களுக்கே உடம்பு சிலிர்க்கும். பிள்ளைக ஆசையா பள்ளிக்கூடம் வரும், வீட்ல நிக்கிறதுகூட பிராக்டிஸ் இருக்குன்னு ஓடி வரும், இதை நான் கண்ணால பாத்திருக்கேன். வெளியில இருந்து கலைஞர்களைக் கூட்டிட்டு வர்ற ஏற்பாட்டுக்கு நல்ல பலன் உண்டுன்னு பெரிய ஆராய்ச்சியும் இருக்கு, அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல 42 பள்ளிக்கூடத்தைக் குலுக்கல் போட்டு ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு நடனம், இசை, நாடகம், ஓவியம்னு கலைஞர்களை அனுப்பி, மறுபாதியோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2019ல முடிவு வந்துச்சு. பத்தாயிரத்துக்கும் மேல பிள்ளைக. சேட்டைக்காக நடவடிக்கை எடுக்க வேண்டி வந்த பிள்ளைகளோட பங்கு 3.6 சதவீதப் புள்ளி குறைஞ்சுது, கட்டுரை எழுதுற பரீட்சையில மார்க் கூடுச்சு, அடுத்தவங்க கஷ்டத்தை நினைச்சுப் பாக்குற மனசும் கூடுச்சு. வாசிப்பு, கணக்கு மார்க்ல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல.

நம்ம ஊர்ல ஒயிலாட்டம் எடுத்தா அது நேரா அரசுப் பள்ளிகளுக்கு நடத்துற கலைத்திருவிழாப் போட்டிக்குத்தான் போய் நிக்கும். பள்ளி அளவு, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு போட்டி இருக்குறதால மாஸ்டர் வந்த ரெண்டாவது வாரமே நல்லா ஆடுற பத்துப் பேரைப் பொறுக்கிருவாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு ஜெயிக்கணும். அந்தப் பத்துப் பேரும் ஏற்கெனவே தைரியமான பிள்ளைகளா இருக்கும். யாருக்காக நாம இதை ஆரம்பிச்சோமோ அந்தப் பிள்ளை ஓரமா நின்னு கை தட்டிக்கிட்டு இருக்கும், ஒரு வாரம் வராத பிள்ளைக்கு வரிசையில இடம் போயிருக்கும். டிரெஸ், சலங்கை, வேன் வாடகைன்னு சங்கத்துப் பணம் முழுசும் அதுலயே கரைஞ்சிரும். ஒயிலாட்டம் வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வராது, சந்தோஷத்துக்காகவே அது பள்ளிக்கூடத்துல இருக்கணும், ஆனா படிப்பு ஏறும்னு சொல்லி சங்கத்துக்காரங்ககிட்ட வாங்குற பணத்தை முழுசும் அதுல போடுறது நியாயமில்ல.

பாட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். முளைப்பாரித் திருவிழாவுல பாடுற முளைக்கொட்டு கும்மி மெட்டுல வாய்ப்பாடு பாடினா சீக்கிரம் மனப்பாடம் ஆகும், ஆனா ஏழெட்டு எத்தனைன்னு கேட்டா பிள்ளை ஏழொண்ணு ஏழுல இருந்து பாடிக்கிட்டு வரும். சின்ன வகுப்புக்கு நல்லது, ஏற்கெனவே நடக்குது, அதுக்குத் தனியா பணம் தேவையில்ல. உண்மையிலயே இசையில ஆசையும் குரலும் இருக்குற பெரிய பிள்ளைக்கு ராமநாதபுரத்துலயே அரசு இசைப் பள்ளி இருக்கு, பாட்டு, நாதஸ்வரம், தவில் எல்லாம் மூணு வருஷப் படிப்பா சொல்லித்தர்றாங்க, பெற்றோர் அதைக் கேட்டு வச்சுக்கலாம்.

ஓவியத்துல நான் கொஞ்சம் நேரம் நிக்கணும், ஏன்னா இதுல ரெண்டு விதம் இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் கூட்டத்துல பேசினாங்க. முதல் விதம் டிராயிங் நோட்டு. ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறு, ஓரமா குடிசையும் தென்னமரமும். நம்ம பிள்ளைகள்ல பாதி மலையைக் கண்ணால பாத்தது கிடையாது, இந்தக் கரை முழுக்க மணலும் பனையும் கடலும்தான், ஆனாலும் எல்லா நோட்டுலயும் அதே ரெண்டு மலை. இதால கை பழகும், கலர் அடிக்கிற சந்தோஷம் கிடைக்கும், அதுக்கு மேல படிப்புக்கு ஒண்ணும் நடக்காது. எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000ல 188 ஆய்வுகளைத் திரட்டிப் பாத்தாங்க, படம் வரையப் பழகினதாலயே வாசிப்பும் கணக்கும் ஏறிரும்ங்கிறதுக்கு அதுல ஆதாரம் கிடைக்கல.

ரெண்டாவது விதம் பாடத்துக்குள்ள வரையிறது. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல 2016ல ஒரு சோதனை வெளிவந்துச்சு, சில வார்த்தைகளைக் குடுத்து சிலதைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னாங்க, சிலதைப் படமா வரையச் சொன்னாங்க, வரைஞ்ச வார்த்தைகதான் ரொம்ப அதிகமா ஞாபகம் நின்னுச்சு. படம் அழகா இருக்கணும்னுகூட இல்ல. வரையணும்னா அந்தப் பொருளைப் பத்தி யோசிச்சாகணும், கையும் கண்ணும் மனசும் ஒண்ணா வேலை செய்யணும், அதான் காரணம்.

இதை நான் நம்ம சென்டர்ல நண்டை வச்சுப் பாத்தேன். நீலக்கால் நண்டு, வாரத்துல ரெண்டு நாளாவது சாப்பிடுற பிள்ளைக. முதல்ல பாக்காம ஞாபகத்துல இருந்து வரைங்கன்னேன், ஒருத்தன் எட்டுக் கால் போட்டான், ஒருத்தி ஆறு, ரெண்டு பேரு கொடுக்கைக் கணக்குலயே சேக்கல. அப்புறம் தட்டுல ஒரு நண்டை நடுவுல வச்சு மறுபடி வரைங்கன்னேன். சத்தம் அடங்கிப்போச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு "அக்கா, கடைசிக் கால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கு"ன்னா. மத்த காலெல்லாம் கூரா இருக்க அது மட்டும் ஏன் தட்டைன்னு கேட்டதும் இவ்வளவு நேரம் வாயே திறக்காத பையன் "அது நீந்துற நண்டு அக்கா, மத்தது நடக்குறதுக்கு, அது தள்ளுறதுக்கு"ன்னான். கொடுக்கோட சேத்து அஞ்சு ஜோடி, பத்துக் கால்னு எண்ணி எழுதினாங்க. அறிவியல் புத்தகத்துல தகவமைப்புன்னு ஒரு பாடம் வரும், அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்ச பிள்ளைக அன்னைக்குத்தான் அது என்னன்னு புரிஞ்சுக்கிட்டாங்க.

மன்னார் வளைகுடாவுல 21 தீவைச் சேத்து 1986ல கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்ச இடம் நம்ம வாசல்ல இருக்கு. கடல்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, கடல்பாசிக்கு அது கிடையாது, ஆவுளியா, அதான் கடல்பசு, மேயுறது கடல்புல்லுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரைஞ்சா ஒரு வகுப்புலயே புரிஞ்சுரும். இந்த ஓவியத்துக்கு மாஸ்டர் வேண்டாம், பென்சிலும் வெள்ளைத்தாளும் கரையில கிடைக்குற பொருளும் போதும், ஒரு வாரம் வராத பிள்ளையும் வந்த அன்னைக்கே உக்காந்து வரையலாம். அறிவியலுக்கு இதை அடிச்சுக்க வேற எதுவும் இல்லைங்கிறது என் எண்ணம். ஆனா கதையில, பாராவுல, வரலாத்துல யாரு என்ன செஞ்சா, ஏன் செஞ்சாங்கிறதைப் புரிய வைக்க படம் பத்தாது.

ஓலை முடையிறதை கூட்டத்துல சில பேரு கைத்தொழில்தானேன்னு தள்ளிட்டாங்க, எனக்கு அது வருத்தம். ஓலையைக் கிழிச்சு ரெண்டு மேல ஒண்ணு கீழன்னு பின்னுறப்ப அதுல ஒத்தைப்படை இரட்டைப்படை இருக்கு, வாய்ப்பாடு இருக்கு, கொட்டான், அதான் ஓலைப்பெட்டி, மூலை திருப்புற இடத்துல கோணம் இருக்கு, ஒரு எண்ணிக்கை தப்பினா அடுத்த வரிசையிலயே காட்டிக் குடுத்துரும், வாத்தியார் சிவப்பு மையில கோடு போட வேண்டியதே இல்ல. அதை விடப் பெருசு, கையெழுத்துப் போடக் கூச்சப்படுற அம்மா பள்ளிக்கூடத்துக்குள்ள ஆசிரியரா வந்து உக்கார்றது, அந்தப் பிள்ளை அன்னைக்கு நிமிந்து உக்கார்றதைப் பாக்கணும். ரெண்டு இடைஞ்சல் இருக்கு. ஒரு கொட்டான் முடிக்க நேரம் ரொம்பப் பிடிக்கும், வாரத்துக்கு ரெண்டு பீரியட்ல ஆகாது. அப்புறம் வீட்லயும் ஓலை முடைஞ்சு உதவுற பொம்பளைப் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடத்துலயும் அதே வேலைன்னு ஆயிரக்கூடாது, ஆம்பளைப் பிள்ளையும் சரிசமமா உக்காந்தாத்தான் நான் ஒத்துக்குவேன். கணக்கு டீச்சர் கூட இருந்து, மாசத்துக்கு ஒரு தடவை, கோணம், வடிவம், தொடர் எண் பாடம் வர்றப்ப நடத்தினா ரொம்ப நல்லா வரும்.

இப்ப நாடகம். நம்ம பிள்ளைகளுக்கு இடிக்கிற இடத்துக்கு நேரா மருந்து இதுலதான் இருக்குன்னு நான் நம்புறேன், ஆனா எந்த நாடகம்னு தெளிவா சொல்லணும். ஆண்டு விழாவுக்கு வசனத்தை மனப்பாடம் பண்ணி, அட்டைக் கிரீடம் வச்சு, மைக் முன்னாடி கத்துற நாடகத்தை நான் சொல்லல. வகுப்புக்குள்ளயே, டிரெஸ் இல்லாம, மேடை இல்லாம, அன்னைக்கு நடத்துற பாடத்தையே பிள்ளைக எந்திரிச்சு நின்னு நடிச்சுப் பாக்குறது. மேல சொன்ன அந்த 188 ஆய்வுத் தொகுப்புலயே வாசிப்பு, மொழி விஷயத்துல உறுதியா ஆதாரம் நின்னது இந்த வகுப்பறை நாடகத்துக்குத்தான், நடிச்சுப் பாத்த கதை நல்லாப் புரிஞ்சதோட நிக்காம, நடிக்காத புதுக் கதையைப் படிச்சப்பயும் அந்தப் பிள்ளைகளுக்குப் புரிதல் கூடியிருந்துச்சு. பால்டிமோர்ல 2019ல வந்த இன்னொரு ஆய்வுல அறிவியல் பாடத்தையே கலை கலந்து நடத்தினப்ப, வாசிக்கச் சிரமப்படுற பிள்ளைகளுக்குத்தான் பாடம் அதிகமா மனசுல தங்குச்சு. நம்ம பிள்ளைகளுக்கு வேண்டியது அதான்.

மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கங்க. பசு வந்து மணி அடிக்குது, ராஜா விசாரிக்கிறாரு, இளவரசன் தேர்ல கன்னுக்குட்டி செத்துப் போச்சு, நீ போய் என் மகன் மேல தேரை ஏத்துன்னு மந்திரிக்கு உத்தரவு. சென்டர்ல இதை வாசிச்சு முடிச்சுட்டு கேள்வி கேட்டப்ப வழக்கம்போல முழிச்சாங்க. சரி எந்திரிங்க, நடிப்போம்னேன். பசுவா வந்த பொண்ணு முதல்ல சும்மா மணி அடிச்சா, "கன்னைப் பறிகுடுத்த பசு எப்படிம்மா அடிக்கும்"னு ஒருத்தன் கேட்டான், அவ கொஞ்சம் யோசிச்சுட்டு மறுபடி அடிச்சா, இந்தத் தடவை விடாம அடிச்சா. மந்திரியா நின்ன பையனுக்கு ராஜா உத்தரவு போட்டதும் என்ன செய்யணும்னு தெரியல. அப்படியே நின்னான். அப்புறம் தானா போய் புத்தகத்தை எடுத்து அந்தப் பத்தியைத் தேடி வாய்க்குள்ளயே வாசிச்சான், யாரும் வாசிக்கச் சொல்லல. வாசிச்சுட்டு வந்து "இவனால முடியலக்கா, ராஜா சொல்லையும் மீற முடியல, அந்தப் பையனையும் கொல்ல முடியல, அதான் தன் உயிரை விடுறான்"னான். கேள்வித்தாள்ல அமைச்சர் ஏன் அவ்வாறு செய்தார்னு கேட்டா மூணு வரி எழுத வேண்டிய பதில் அது, அவன் வாயில இருந்து தன்னால வந்துச்சு.

நடிக்கணும்னா என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாகணும், தெரியலைன்னா திரும்பப் புத்தகத்துக்குப் போயாகணும், பிள்ளை தேவைக்காக வாசிக்கப் பழகுறது அங்கதான். வராம இருந்த பிள்ளைக்கும் இடம் உண்டு, ஊர் ஜனமா நிக்கலாம், தண்டோரா போடலாம், அடுத்த கதையில அதுவே ராஜா. வாய் திறக்கக் கூச்சப்படுற பிள்ளைக்கு பழைய வேட்டியைக் குறுக்க கட்டி, அட்டையில பொம்மை வெட்டி ஈர்க்குச்சியில ஒட்டிக் குடுத்துட்டா மறைவுல இருந்து பேச ஆரம்பிச்சுரும், கொஞ்ச நாள்ல வேட்டிக்கு வெளியில வந்துரும். நாடகம் நம்ம சனங்களுக்குப் புதுசும் இல்ல, அம்மன் கோயில் திருவிழான்னா விடிய விடிய நாடகம் பாக்குற ஊரு, மாதா கோயில் பக்கம் இயேசு பட்ட பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகம் போடுற ஊரு.

கஷ்டமும் இருக்கு, மறைக்கக் கூடாது. சத்தம் வரும், பக்கத்து வகுப்பு டீச்சர் கோவிச்சுக்குவாங்க, வேப்பமரத்தடிக்குப் போயிறலாம். ஆசிரியர் பிள்ளைகளோட பேச்சு வழக்கை முதல்ல அனுமதிக்கணும், "செந்தமிழ்ல பேசு"ன்னு ஆரம்பத்துலயே நிறுத்தினா அன்னைக்கோட வாய் மூடிரும், நடிச்சு முடிச்சப்புறம் அதையே எழுத்துத் தமிழ்ல எழுத வைக்கிறது அடுத்த வேலை. எனக்கு ரொம்ப முக்கியமா படுறது யாருக்கு என்ன வேஷம்ங்கிறது. கவனிக்காம விட்டா படகு முதலாளி மகன் ராஜா, கூலிக்குப் போறவர் மகன் காவலாளி, பொம்பளைப் பிள்ளை தோழின்னு ஊர்ல இருக்குற வரிசையே வகுப்புலயும் வந்து நிக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் வேஷம் குடுக்கணும், பொம்பளைப் பிள்ளைக்கு ராஜா சீட்டு வந்தா அவதான் ராஜா.

யாரு சொல்லிக்குடுக்குறதுங்கிறது மிச்சம். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறாம் வகுப்புல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் நூறு பிள்ளைகளுக்கு மேல இருந்தாத்தான் கலைக்குப் பகுதி நேர ஆசிரியர், நம்ம மாதிரி சின்னப் பள்ளிக்கூடம் அதுக்குள்ள வராது. வெளி மாஸ்டரை நம்பினா பஸ் காசு நின்ன அன்னைக்கு எல்லாம் நிக்கும். அதனால வகுப்பு டீச்சரே நடத்துற மாதிரி இருக்குற கலைதான் நிலைக்கும், ஓவியமும் நாடகமும் அப்படிப்பட்டது. டெல்லியில இருக்குற சிசிஆர்டி, அதான் கலாசார வளங்கள் பயிற்சி மையம், ஆசிரியர்களுக்குப் பொம்மலாட்டம் உட்பட பயிற்சி குடுக்குறாங்க, நம்ம பள்ளியில இருந்து ஒரு டீச்சரை அனுப்பக் கேக்கலாம், போக வர செலவுக்குச் சங்கத்துப் பணம் இருக்கு.

ஆக நான் கூட்டத்துல சொல்லப் போறது இது. அஞ்சு, ஆறு, ஏழு வகுப்புக்கு தமிழ், சமூக அறிவியல் பாடத்துல வாரம் ரெண்டு பீரியட் நாடகம், அறிவியல்ல வரையிறது எப்பவும், ஓலை மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு டீச்சரோட. ஒயிலாட்ட மாஸ்டரை கலைத்திருவிழாவுக்கு முன்னாடி வரவழைக்கலாம், ஆனா முதல் மாசம் மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசையில நிக்கணும், பொறுக்குறது அப்புறம். பணத்துல பெரும்பங்கு கதைப் புத்தகம், தாள், ஆசிரியர் பயிற்சி, அந்த அம்மாமாருக்கு மரியாதையான சம்பளம். டிரெஸ், மைக் செட்டுக்கு கடைசியில மிஞ்சினா பாக்கலாம். பலன் இருக்கான்னு பாக்க ஆரம்பத்துலயும் டிசம்பர்லயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுவரை பாக்காத ஒரு பாராவைக் குடுத்து வாசிக்கச் சொல்லி, சொந்தமா திருப்பிச் சொல்றதை ஒரு நோட்டுல எழுதி வைப்போம், சங்கத்துக்காரங்க கேட்டா அதைக் காட்டலாம்.

அப்பாமார் பாக்கணும்னா நாளும் குறிச்சே வைக்கலாம், மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையிலதான் நிக்கும், ஏப்ரல்ல பரீட்சை இருக்குறதால ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த உடனே ஒரு சாயங்காலம் வச்சுக்கலாம், நாட்டுப்படகுக்காரங்களுக்கும் தோதான நாளாப் பாத்து. கூட்டத்துக்கு வர்றவங்க வீட்ல பழைய வேட்டி, பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் எது இருந்தாலும் கையோட எடுத்துட்டு வாங்க, தலைமை ஆசிரியர்கிட்ட அன்னைக்கே ஒரு அலமாரி கேட்டு வாங்கிருவோம்.